நோயாளிக்குத் தீங்கு செய்யாத வைத்தியசாலை: புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் வாழ்வும் பணியும்

கையிலே விளக்கை ஏந்தி, இரவு வேளையில் நோயாளரின் கட்டில்களுக்கு இடையே நடந்து செல்லும் ஒரு பெண்ணின் படத்தை எம்மில் காணாதவர் இருக்க முடியாது. தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் வழக்கமும் அவருடைய நினைவாகவே வந்தது. எமது கல்லூரி அன்னையின் மடியிலிருந்து தாதியராகவும் வைத்தியராகவும் மருத்துவமாதராகவும் சென்றவர்கள் இன்று தாயகத்திலும் பிற நாடுகளிலும் பணிபுரிகின்றார்கள். நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அவர்களை நினைந்து, அவர்களுடைய தொழிலுக்கு வடிவம் கொடுத்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்பினோம்.

உலகம் அவரை இரக்கத்தின் உருவமாக நினைவில் வைத்திருக்கின்றது. இரக்கம் அவரிடம் நிறையவே இருந்தது. ஆயினும் அவருடைய வாழ்வை ஊன்றிப் படிக்கும்போது, இரக்கம் மட்டும் ஓர் உயிரையும் காப்பாற்றாது என்பதைத் தம் கண்முன்னே கண்டறிந்து, அந்த அறிவோடு எஞ்சிய காலமெல்லாம் உழைத்த ஒருவரையே சந்திக்கிறோம். குணமடைய வந்த இடத்திலேயே ஒருவர் புதிதாக நோய்வாய்ப்பட்டு இறந்தால் அதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை அவர் பிறரிடம் மட்டுமன்றித் தம்மிடமும் கேட்டார். அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது என்பது எமது எண்ணம்.

பிறப்பும் இளமையும்

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு இட்டனர். நேப்பிள்ஸ் நகரில் பிறந்த அக்காவுக்கும் அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி என்பதையே வைத்திருந்தார்கள். குடும்பம் செல்வம் மிக்கது. இங்கிலாந்தில் டாபிசயர் பகுதியிலும் ஹம்சயர் பகுதியிலும் அவர்களுக்குப் பெரிய மாளிகைகள் இருந்தன. தந்தையார் வில்லியம் நைற்றிங்கேல் தம் இரு பெண்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். பெண் பிள்ளைகளுக்கு அத்தகைய கல்வி கொடுப்பது அக்காலத்தில் அரிது. இளையவருக்குக் கணிதத்திலே தனி விருப்பம். அந்த விருப்பமே பின்னாளில் பல்லாயிரம் உயிர்களைக் காக்கப்போகிறது என்று வீட்டில் எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

பதினாறு வயதில், 1837 பெப்ரவரியில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அந்தத் தொண்டு நோயாளரைப் பராமரிப்பதே எனப் பின்னர் தெளிந்தார். 1845இல் அண்மையிலிருந்த சோல்ஸ்பரி வைத்தியசாலையில் சில மாதங்கள் வேலை பழக அனுமதி கேட்டபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தாயாரும் அக்காவும் கலங்கிப் போனார்கள். அவர்கள் அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. அக்காலத்து வைத்தியசாலை ஏழைகள் சென்று படுக்கும் இடம். வசதியுள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். தாதி வேலைக்குப் பயிற்சியும் இல்லை, மதிப்பும் இல்லை. நல்ல குடும்பத்துப் பெண் அங்கே போவதா என்ற கேள்வியை எமது சமூகமும் ஒரு காலத்தில் கேட்டதுதான்.

அவர் காத்திருந்தார். தம்மை விரும்பிக் கேட்டு வந்த ரிச்சர்ட் மொங்க்டன் மில்ன்ஸ் என்பவரை மணக்க மறுத்தார். அதிகாலையில் எழுந்து வைத்தியசாலைகள் பற்றிய அறிக்கைகளைத் தாமாகவே படித்தார். 1851இல் யேர்மனியில் றைன் நதிக்கரையில் உள்ள கைசர்ஸ்வேர்த் என்னுமிடத்தில், பிளீட்னர் போதகர் நடத்திய நிலையத்தில் சுமார் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். 1853 ஓகஸ்டில் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். சம்பளம் இல்லை. தந்தையார் ஆண்டுக்கு 500 பவுண் கொடுத்து உதவினார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று.

ஸ்கூட்டாரிக்குப் பயணம்

1854இல் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியுடன் சேர்ந்து இரசியாவுக்கு எதிராகக் கிறிமியாவில் போர் தொடுத்தன. காயமடைந்த போர்வீரர் கவனிப்பாரற்றுக் கிடக்கிறார்கள் என்ற செய்தி டைம்ஸ் பத்திரிகையில் வெளியானதும் இங்கிலாந்து மக்கள் கொதித்தெழுந்தனர். யுத்த இலாகாவுக்குப் பொறுப்பான அமைச்சர்களுள் ஒருவரும் நைற்றிங்கேல் குடும்பத்தின் நண்பருமான சிட்னி ஹேர்பேட், தாதியர் குழுவொன்றை அழைத்துச் செல்லுமாறு அம்மையாரைக் கேட்டார். ஒக்டோபர் 21ஆம் திகதி 38 பெண்களுடன் அவர் புறப்பட்டார். அவர்களுள் கத்தோலிக்கக் கன்னியரும் அங்கிலிக்கன் சகோதரிகளும் வைத்தியசாலைகளில் வேலை செய்த சாதாரண தாதியரும் இருந்தனர். நவம்பர் 4ஆம் திகதி கொன்ஸ்தாந்திநோபிளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரியை அடைந்தார்கள்.

அங்கிருந்த வைத்தியசாலை உண்மையில் துருக்கியப் படையினரின் பெரியதொரு பாசறைக் கட்டடம். வெளித்தோற்றம் கம்பீரமானது. உள்ளே நோயாளர் நீண்ட நடைவழிகளிலும் அடுக்கடுக்காகக் கிடந்தார்கள். இரு படுக்கைகளுக்கு இடையே ஒன்றரை அடி இடம்கூட இருக்கவில்லை. கட்டடத்தின் கீழே கழிவுநீர் வாய்க்கால்கள் அடைபட்டு, நாற்றம் சுவர்களின் ஊடாக விடுதிகளுக்குள் ஏறியது. மலசலகூடங்கள் நிரம்பி வழிந்தன. எலிகள் ஓடித்திரிந்தன. போர்முனையிலிருந்து கருங்கடலைக் கடந்து கப்பலில் வந்த காயப்பட்டவர்கள் இந்த இடத்தில்தான் இறக்கப்பட்டார்கள்.

பொருளில்லாத குறையைவிடப் பொறுப்பில்லாத குறையே அங்கு பெரிதாக இருந்தது. உணவும் உடைகளும் வாங்குவது ஓர் இலாகா, அவற்றை விநியோகிப்பது இன்னோர் இலாகா, கட்டடத்தைத் திருத்துவது பொறியியலாளரின் வேலை, மருந்து கொடுப்பது வைத்தியரின் வேலை. ஒவ்வொருவரும் தத்தம் விதிப்புத்தகத்தின்படி சரியாகவே நடந்தார்கள். போர்வீரன் தன் மாற்றுடையையும் கரண்டியையும் தன் பொதியிலே கொண்டுவர வேண்டும் என்பது விதி. போர்முனையில் இறங்கியபோது பொதிகளை விட்டுவிட்டுச் செல்லுமாறு மேலிடம் கட்டளையிட்டிருந்தது. ஆகவே மாற்றுடை கொடுக்க விதியில் இடமில்லை. வைத்தியப் பகுதியின் தலைவரான டொக்டர் ஜோன் ஹோல் என்பவரோ வைத்தியசாலை நல்ல நிலையில் இருப்பதாகவே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அழுக்கு எல்லோருடைய கண்ணிலும் பட்டது. அதை அகற்றுவது எவருடைய கடமை என்று மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

தொடக்கத்தில் வைத்தியர்கள் இந்தப் பெண்களை விடுதிக்குள் சேர்க்க விரும்பவில்லை. அம்மையார் வலிந்து நுழையவில்லை. வைத்தியர் அழைக்கும்வரை எவரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று தம் குழுவினருக்குக் கட்டளையிட்டுக் காத்திருந்தார். இங்கர்மன் போரில் காயப்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்ததும் கதவுகள் தாமாகவே திறந்தன. டைம்ஸ் பத்திரிகை திரட்டிய நிதியையும் தம் சொந்தப் பணத்தையும் கொண்டு அவர் உடைகள், துவாய்கள், சவர்க்காரம், தரை உரஞ்சும் தூரிகைகள் எல்லாம் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வெந்நீர்க் கொதிகலன் வைத்து, போர்வீரரின் மனைவியரைக் கொண்டு துணிகளைத் துவைப்பித்தார். நோயாளருக்கு ஏற்ற உணவு சமைக்கத் தனிச் சமையலறை அமைத்தார். இரவில் விளக்கோடு விடுதிகளைச் சுற்றி வந்தார். படங்களில் நாம் காணும் காட்சி இந்தக் காலத்துக்குரியது.

குறையாத மரணம்

படங்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அம்மையாரும் தாதியரும் இரவு பகலாக உழைத்த அந்தக் குளிர்காலத்தில் மரணங்கள் குறையவில்லை. மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போயின. சுமார் 4000 பேர் அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் ஸ்கூட்டாரியில் இறந்தார்கள். காயத்தால் இறந்தவர் சிலரே. வாந்திபேதியும் வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் ரைபசும் கொன்றவர்களே மிகப் பலர். 1855 பெப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பின்னர் அம்மையாரே வெளியிட்ட கணக்கு.

இங்கிலாந்தில் அரசாங்கம் கவிழ்ந்தது. புதிய அரசாங்கம் சுகாதார ஆணைக்குழு ஒன்றை அனுப்பியது. டொக்டர் ஜோன் சதர்லண்ட், டொக்டர் ஹெக்டர் கவின், பொறியியலாளர் றொபேட் றோலின்சன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையில் ஒரு சிறப்பு இருந்தது. இன்னது செய்க என்று உத்தரவு போட்டுவிட்டுத் திருப்தியடையக் கூடாது; வேலை தொடங்குவதையும், நாளுக்கு நாள் நடப்பதையும், முடிவதையும் நேரில் நின்று பார்க்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆணைக்குழுக்கள் பல கண்ட எமது நாட்டவருக்கு இந்த ஒரு வரியின் அருமை விளங்கும்.

1855 மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான கைவண்டிக் குப்பையை அகற்றினார்கள். இறந்த விலங்குகளைப் புதைத்தார்கள். குடிநீர் வரும் வாய்க்காலில் இறந்த குதிரையொன்று கிடக்கக் கண்டு அதை எடுத்தார்கள். அடைபட்ட கழிவுநீர் வாய்க்கால்களை நீர் பாய்ச்சிக் கழுவினார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வந்துபோக வழி திறந்தார்கள். மரணம் விரைவாகக் கீழிறங்கியது. யூன் மாதத்தில் அது நூற்றுக்கு இரண்டு அளவுக்கு வந்துவிட்டது. அதே வைத்தியர்கள், அதே தாதியர், அதே கட்டடம். மாறியது நீரும் காற்றும் வாய்க்காலும்தான்.

கணக்கு சொன்ன உண்மை

1856 ஓகஸ்டில் அம்மையார் நாடு திரும்பினார். வரவேற்பு ஊர்வலங்களைத் தவிர்ப்பதற்காக மிஸ் சிமித் என்ற பெயரில் பயணம் செய்து, ஓசையின்றி வீடு வந்து சேர்ந்தார். நாடே அவரைக் கொண்டாடியது. கொண்டாட்டத்தில் அவருக்கு மனம் செல்லவில்லை. இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்பதைக் கண்டறிய வேண்டும் என்பதிலேயே நின்றார். விக்ரோறியா மகாராணியாரைச் சந்தித்து, இராணுவத்தின் சுகாதாரம் பற்றி விசாரிக்க அரச ஆணைக்குழு ஒன்று வேண்டுமெனக் கேட்டார். 1857இல் அது நியமிக்கப்பட்டது.

தொடக்கத்தில், போர்முனையிலே போதிய உணவும் உடையும் இல்லாமல் நலிந்து, காலம் கடந்து கொண்டுவரப்பட்டபடியால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று அவர் நம்பியிருந்தார். புள்ளிவிபர அறிஞரான வில்லியம் பார் என்பவருடன் சேர்ந்து மரணப் பதிவுகளை மாதவாரியாக ஆராய்ந்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. வைத்தியசாலையின் சுகாதாரக் கேடே மிகப் பலரைக் கொன்றிருந்தது. அவர் தாமே பொறுப்பாக நின்று பராமரித்த விடுதிகள் அவை. அவர் கண்ணை மூடிவிட்ட வீரர்கள் அவர்கள். 1857 ஓகஸ்டில் அவருடைய உடல்நலம் முற்றாக உடைந்தது. கிறிமியாவில் கண்ட காய்ச்சலின் தொடர்ச்சி அது என்பது பொதுவான கருத்து. இந்த உண்மையை அறிந்த அதிர்ச்சியும் அதற்கு ஒரு காரணம் என்று கருதும் வரலாற்றாசிரியரும் உளர்.

அந்த உண்மையை மறைக்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. நாடு அவரைத் தெய்வமாக வைத்திருந்தது. அரசாங்கத்துக்கோ அது வெளிவராமல் இருப்பதே நல்லது. அவர் மறைக்கவில்லை. 1858இல் பெரியதோர் அறிக்கையை அச்சிட்டு, அதிகாரத்தில் இருந்தவர்களின் கைகளுக்குச் சேர்ப்பித்தார். கணக்கு வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி, வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து நிறம் தீட்டிய ஒரு வரைபடத்தை ஆக்கினார். தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்களுக்கு நீலம், காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, ஏனையவர்களுக்குக் கறுப்பு. நீலம் மற்ற இரண்டையும் விழுங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. இராணுவப் பாசறைகளின் காற்றோட்டமும் நீர்வசதியும் திருத்தப்பட்டன. இராணுவ வைத்தியர்களுக்கெனத் தனிக் கல்லூரி தொடங்கியது.

வைத்தியசாலையின் முதற் கடமை

1859இல் வைத்தியசாலைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வைத்தியசாலை எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், நோயாளிக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதே அதன் முதற் கடமை என்பது அந்நூலின் அடிப்படை. ஒரே கூரையின் கீழ் மிகப் பலரை அடைத்தல், ஒருவருக்குரிய இடம் போதாமை, காற்றோட்டக் குறைவு, வெளிச்சக் குறைவு என்னும் நான்கையும் பெருங்குறைகளாகக் காட்டினார். இருபுறமும் யன்னல்கள் கொண்ட, தனித்தனியே நிற்கும் நீண்ட விடுதிகளை அமைக்கும் முறையை வற்புறுத்தினார். 1871இல் திறக்கப்பட்ட இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலை அந்த முறையில் கட்டப்பட்டது. எமது நாட்டின் பழைய அரசினர் வைத்தியசாலைகளில் உயர்ந்த கூரையும் இருபுறமும் வரிசையான யன்னல்களும் கொண்ட நீண்ட விடுதிகளைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்புப் புதியதன்று.

ஒவ்வொரு வைத்தியசாலையும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமடைந்தார்கள், எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்பதை ஒரே மாதிரியான படிவத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அவர் கேட்டார். 1860இல் இலண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டில் அந்தப் படிவம் முன்வைக்கப்பட்டது. எண்ணப்படாத மரணத்துக்கு எவரும் பொறுப்பேற்கமாட்டார்கள் என்பதை ஸ்கூட்டாரி அவருக்குக் கற்பித்திருந்தது.

நன்றியுள்ள மக்கள் அவர் பெயரால் திரட்டிய சுமார் 45,000 பவுண் நிதியைக் கொண்டு, 1860இல் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் பல நாடுகளுக்கும் சென்று பயிற்சிப் பாடசாலைகளை நிறுவினார்கள். தாதியம் பற்றிய அவருடைய சிறு நூல் வீட்டுப் பெண்களும் வாசிக்கும் நூலாகப் பரவியது. தாதி ஒரு நாளில் அடிக்கடி கைகளைக் கழுவ வேண்டும் என்று அதில் எழுதினார். பொறுப்பில் இருப்பது என்றால் என்ன என்பதையும் விளக்கினார். தாம் நிற்கும்போது செய்வதெல்லாம் தாம் இல்லாதபோதும் நடக்க வழி செய்து வைப்பதே பொறுப்பு என்பது அவர் கொடுத்த விளக்கத்தின் சாரம். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்பவரை அவர் நல்ல பொறுப்பாளராகக் கொள்ளவில்லை. அவர் ஒரு நாள் சுகவீனமுற்றால் விடுதி என்னவாகும் என்பதே அவர் கேட்ட கேள்வி.

தாமே மூடிய விடுதி

அவருடைய வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் இனி வருவது. கிராமத்துத் தாய்மார்களுக்கு உதவப் பயிற்சி பெற்ற மருத்துவமாதர் வேண்டும் என்பதற்காக, அவருடைய நிதியிலிருந்து இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் ஒரு பிரசவ விடுதி அமைக்கப்பட்டது. நல்ல நோக்கம், நல்ல சகோதரிகள், நல்ல பயிற்சி. ஆனால் பிரசவக் காய்ச்சல் அந்த விடுதிக்குள்ளும் புகுந்தது. குழந்தையைப் பெற்று மகிழ வேண்டிய தாய்மார் சில நாட்களில் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். 1867இல் அந்த விடுதி மூடப்பட்டது.

அத்தோடு அவர் விட்டுவிடவில்லை. சதர்லண்டின் துணையோடு பல நாட்டுப் பிரசவ விடுதிகளின் கணக்குகளைத் திரட்டினார். 1871இல் அதை நூலாக வெளியிட்டார். வீட்டிலே பிள்ளை பெறும் தாய்மார்களுள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 5 பேர் இறக்க, பெரிய வைத்தியசாலைகளின் பிரசவ விடுதிகளில் அதைவிடப் பல மடங்கினர் இறந்தார்கள் என்பதை அந்நூல் காட்டியது. வறிய குடிசையைவிடப் பெரிய வைத்தியசாலை ஆபத்தானதாக இருந்தால் அதைத் திறந்து வைத்திருக்க என்ன உரிமை உண்டு என்று கேட்டார். அந்தக் கணக்கில் தம் பெயரால் நடந்த விடுதியின் எண்களையும் சேர்த்திருந்தார். பொது வைத்தியசாலைக்குள் பிரசவ விடுதி இருக்கக்கூடாது, தாய்மாரை ஒன்றாக அடைக்கக்கூடாது, பிற நோயாளரிடமிருந்தும் பிரேத அறையிலிருந்தும் வருபவர்கள் பிரசவம் பார்க்கக்கூடாது என்பன அவர் கண்ட முடிவுகள். அந்நூலை மருத்துவிச்சியாக இருந்த சோக்கிரதீசின் தாயாரின் நினைவுக்கு அவர் காணிக்கையாக்கினார்.

அவருடைய எண்ணங்கள் எல்லாம் சரியாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. நோய் கெட்ட காற்றினாலும் அழுக்கினாலும் உண்டாகிறது என்றே நீண்ட காலம் நம்பினார். வியன்னாவில் இக்னாஸ் செமல்வைஸ் 1847இலேயே வைத்தியரின் கைகள்தான் பிரசவக் காய்ச்சலைக் கொண்டுசெல்கின்றன என்று கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்து மரணங்களைக் குறைத்திருந்தார். 1867இல் ஜோசப் லிஸ்டர் காபோலிக் அமிலத்தைக் கொண்டு காயங்களைக் காக்கும் முறையை வெளியிட்டார். கிருமிகள் பற்றிய அறிவு வலுப்பெற்றபோது, 1880களில் அம்மையார் எழுதிய கட்டுரைகளில் தொற்றுநீக்கல் பற்றிய அறிவுரைகளும் இடம்பெற்றன. காரணத்தைப் பற்றிய அவருடைய கொள்கை பிழையாக இருந்த காலத்திலும் அவருடைய கணக்கு சரியாக இருந்தது. அந்தக் கணக்கு காட்டிய வழியில் தூய நீர், தூய துணி, தூய கை, போதிய இடம் என்பவற்றை அவர் கேட்டார். கிருமியைக் கண்டறிந்த பின்னரும் அவற்றை எவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இறுதிக் காலம்

கிறிமியாவிலிருந்து வந்தபின் வாழ்வின் பெரும்பகுதியை அவர் நோயாளியாகவே கழித்தார். படுக்கையில் இருந்தபடியே ஆயிரக்கணக்கான கடிதங்களை எழுதினார். இந்தியாவுக்கு ஒருநாளும் சென்றதில்லை. ஆயினும் அந்நாட்டின் குடிநீர், வடிகால், பஞ்சம் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதி, அங்கு சென்ற அதிகாரிகளை ஓயாமல் தூண்டிக்கொண்டிருந்தார். 1907இல் பிரித்தானியாவின் உயர் விருதான ஓடர் ஒப் மெரிற் அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதற் பெண் அவரே. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி இலண்டனில், தொண்ணூறாவது வயதில் இறையடி சேர்ந்தார். வெஸ்மினிஸ்ரர் மடாலயத்தில் அடக்கம் செய்யும் பெருமையைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. ஹம்சயரில் ஈஸ்ட் வெலோ என்னும் சிற்றூரின் ஆலய முற்றத்தில் பெற்றோரின் அருகே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் அவருடைய முதலெழுத்துகளும் பிறப்பு, இறப்பு விபரங்களும் மட்டுமே உள்ளன. அவர் பிறந்த மே 12ஆம் திகதியை உலகம் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது இங்கிலாந்தில் அவசரமாக அமைக்கப்பட்ட தற்காலிக வைத்தியசாலைகளுக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

எம்முன் உள்ள கடமை

அவர் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை. வளர்ந்த நாடுகளில் வைத்தியசாலையில் தங்கும் நூறு பேரில் 7 பேரும், ஏனைய நாடுகளில் 15 பேரும் அங்கு இருக்கும்போதே புதிதாக ஒரு தொற்றைப் பெறுகிறார்கள் என்பது 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணிப்பு. அத்தொற்றுகளில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில் தடுப்பின் தேவை முன்னரைவிடக் கூடியிருக்கிறது.

இதிலே தாதியருக்கும் வைத்தியருக்கும் மட்டும் பங்குண்டு என்று நாம் நினைத்துவிடக் கூடாது. விடுதியைக் கூட்டித் துடைக்கும் சிற்றூழியர், துணி துவைப்பவர், சவர்க்காரம் தீர்ந்ததும் வாங்கிக் கொடுக்க வேண்டிய அலுவலர், கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குபவர் எல்லோரும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். சிற்றூழியரின் வேலையைத் தாழ்வாக எண்ணும் இடத்தில் தொற்று குறையாது. நோயாளரைப் பார்க்கச் செல்லும் எமக்கும் பங்குண்டு. ஒருவர் வைத்தியசாலையில் படுத்தால் உற்றார் உறவினர் எல்லோரும் திரண்டு சென்று பார்ப்பது எமது பண்பாடு. பார்க்கப் போகாவிட்டால் மனத்தாங்கல் வரும். போவோம், ஆனால் காய்ச்சலும் இருமலும் உள்ள நாளில் போகாமல் இருப்போம். கட்டிலில் அமராமல் இருப்போம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுவோம். பச்சைக் குழந்தையைக் கையில் வாங்க முன்னரும் கழுவுவோம்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். கை கழுவினீர்களா என்று ஒரு வைத்தியரையோ தாதியையோ கேட்பது மரியாதைக் குறைவு என எமது மக்கள் அஞ்சுகிறார்கள். அந்தக் கேள்வியைப் புன்னகையோடு வரவேற்க வேண்டியவர்கள் அந்தத் தொழிலில் உள்ள எமது சகோதரிகளே. கேட்பவரின் அச்சத்தைப் போக்கினால் ஒரு விடுதியின் வழக்கமே மாறும். அவ்வாறே, பிறந்த மண்ணின் வைத்தியசாலைகளுக்கு உதவ விரும்பும் பழைய மாணவிகள், விலையுயர்ந்த இயந்திரங்களைப் பற்றி யோசிக்கும்போது ஒரு கைகழுவும் தொட்டியையும், அதற்குத் தடையின்றி வரும் நீரையும், ஆண்டு முழுவதற்குமான சவர்க்காரத்தையும் பற்றியும் யோசிக்கலாம். அவற்றில் பெயர் பொறிக்க இடம் குறைவு. காக்கும் உயிர்கள் குறைவில்லை.

ஒழுங்கையும் துப்புரவையும் எமக்குக் கற்பித்தது எமது கல்லூரி. வகுப்பறையைக் கூட்டும் முறை வந்தபோது ஆசிரியை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மூலை முடுக்கெல்லாம் கூட்டவேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள் நாம். நைற்றிங்கேல் அம்மையார் தம் தாதியரிடம் எதிர்பார்த்ததும் அதையே. இரண்டாவது நூற்றாண்டில் அடியெடுத்து வைக்கும் எமது கல்லூரியிலிருந்து இனிமேலும் பல பெண் பிள்ளைகள் வைத்தியசாலைகளின் வாசலுக்குள் நுழைவார்கள். அவர்களுடைய கையில் விளக்கும் இருக்கட்டும், கணக்கும் இருக்கட்டும், அந்தக் கைகள் எப்போதும் கழுவியவையாக இருக்கட்டும்.